மூடிய கைக்குள் ஆறு

பள்ளி விட்டு வந்து இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் வலது கையில் வேப்பங்கொட்டை வாசனை போகவில்லை. முகர்ந்ததும் உன் ஞாபகம் வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நல்ல செய்தி என்றால் இன்னும் உன்னைத்தான் தேடுகிறேன், என்ன செய்ய.

பேட்டையிலிருந்து ஒரே பஸ்ஸில் போய், ஒன்றாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளை ஆளுக்கொன்றாக நடத்தினோம். என் பிள்ளைகள் நூறு வரை கடகடவென்று ஒப்பிப்பார்கள். உன் வகுப்பில் எந்நேரமும் கொட்டைகள் உருளும். "புளியங்கொட்டைன்னா வாயில போட்டுருதுக. வேப்பங்கொட்டைய ஒண்ணும் தொடாது" என்பாய். எனக்கு எரிச்சலாக வரும். "கணக்கு நடத்துதியா, கடை விரிச்சிருக்கியா?" என்று கேட்டிருக்கிறேன்.

என் வகுப்பில் இசக்கி இருந்தாள். ஆறும் மூன்றும் எத்தனை என்று கேட்டால் ஒன்றிலிருந்து விரல் விட்டு வருவாள். பாதியில் தடுமாறி மறுபடி ஒன்று. நடவு வேலைக்குப் போகும் அவள் அம்மா ஒருநாள் வந்து விசாரித்தபோது, "இவளுக்குக் கணக்கு ஏறாது" என்று சொல்லிவிட்டேன். அவள் சண்டைக்கு வரவில்லை. "அப்பம் வீட்டுல கைப்பிள்ளையப் பாத்துக்கிடட்டும் டீச்சர். எனக்கும் வேலைக்குப் போவ தோதா இருக்கும்" என்றாள்.

பக்கத்து வகுப்பிலிருந்து ஓடிவந்தது நீதான். "பத்து நாள் குடுங்கக்கா. பொறவு ஒங்க இஷ்டம்." பஸ்ஸில் என்னிடம், "ஏட்டி, ஏறாதுன்னு சொல்லுததுக்கு நீ யாரு?" என்றாய். இரண்டு நாள் உன்னோடு நான் பேசவில்லை.

தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இசக்கியை எதிரே உட்கார வைத்து, அவள் கண்முன்னால் ஆறு கொட்டைகளை எண்ணி உன் கைக்குள் மூடிக்கொள்வாய். தரையில் மூன்று. மொத்தம் எத்தனை? அவள் உன் விரல்களைப் பிரிக்கப் பார்ப்பாள். "தொறக்கமாட்டேன். உள்ள எத்தனைன்னு ஒனக்குத் தெரியும்லா?" என்பாய். ஒன்பது நாள் இதே மல்லுக்கட்டு. உன் கையெல்லாம் நகக்கீறல். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த நான், நீ தோற்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பத்தாம் நாள் அவள் அம்மா கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். இசக்கி வழக்கம்போல உன் கட்டைவிரலை இழுத்தாள். பிறகு விட்டுவிட்டாள். மூடிய கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்து, "ஆறு" என்றாள். தரையில் கிடந்ததை ஒவ்வொன்றாகத் தொட்டு, "ஏழு, எட்டு, ஒம்பது."

நீ எழுந்து அவளைத் தூக்கிச் சுற்றினாய். நான் ஓடிவந்து அழுதேன். அவள் அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "ஒம்பதுன்னு சொன்னதுக்கா இம்புட்டு?"

"ஒண்ணுலருந்து தொடங்கலக்கா. உள்ள இருக்கதப் பாக்காமலே மனசுல பிடிச்சிக்கிட்டா" என்றாய்.

அவள் பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "சரி, நாளைக்கும் வருவா" என்றாள். இசக்கி இப்போது நாலாம் வகுப்பு. கழித்தல் கணக்கில் என்னையே தப்புப் பிடிக்கிறாள்.

போன வாரம், புதிதாக வந்த டீச்சர் ஒரு சின்னப் பெண்ணின் அப்பாவிடம் அதே வார்த்தையைச் சொன்னார். நான் குறுக்கே போய் அந்தப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். மூடிய கைக்குள் ஏழு, வெளியே இரண்டு. என் விரலைக் கடித்துக்கூடப் பார்த்தாள். நான் திறக்கவில்லை. இன்று என் கையைத் தட்டி, "ஏழு" என்றாள். எட்டு, ஒன்பது என்று மேலே அவளே எண்ணினாள். கூட்டிப்போகப் பள்ளிக்கு வந்த அவள் அப்பா, "ஏறுமா டீச்சர்?" என்று பயந்து பயந்து கேட்டார். "ஏறிட்டு அண்ணாச்சி" என்றேன். மனுஷன் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

உனக்குப் பத்து நாள் ஆயிற்று. எனக்கு ஆறே நாள். இதை உன்னிடம் சொல்லிக்காட்டாமல் ராத்திரி எனக்குச் சோறு இறங்காது, ஏட்டி.