நீ கொடுக்க மறுத்த மாத்திரை

நேற்று கம்பம் மெட்டு ஏறும் பேருந்தில் முன் இருக்கைக்காரி ஒரு எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மோந்துகொண்டு வந்தாள். எல்லோருக்கும் வாந்தியை நிறுத்துகிற அந்த வாசனை எனக்கு மட்டும் வயிற்றைப் புரட்டுகிறது. நீ போய் ஏழு வருடமாகியும் அது மாறவில்லை. இறங்குகிற வரை சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

விடியக்காலை ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்குக் களையெடுக்கப் போன பதினாலு பெண்களில் நாம் இரண்டு பேர். எனக்கு ஒரு மகள் இருந்தாள். உனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளையில்லை. ஊருக்கு வரும் நர்சம்மா இலவசமாகத் தரும் கருத்தடை மாத்திரையை நாம் இருவருமே வீட்டுக்குத் தெரியாமல் தின்றுகொண்டிருந்தது அந்த ஜீப்பில் வேறு யாருக்கும் தெரியாது. என் மாத்திரை அட்டையை நீயும் உன்னுடையதை நானும் வைத்துக்கொள்ளும் யோசனை உன்னுடையதுதான்.

"ஒங்க மாமியா கையில அட்ட சிக்குனா கற்பூரம் ஏத்தி வச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லும். அது எம் மாத்திரயா இருந்தா, என்னுது இல்லன்னு நீ தைரியமாக் கற்பூரத்த அணைச்சுட்டு வந்துரலாம்ல?"

சாமிக்கே சட்டம் சொன்னவள் நீ. முதல் கொண்டை ஊசி வளைவில் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடும்போது உன் கையிலிருந்து என் கைக்கும், என் கையிலிருந்து உன் கைக்கும் மாத்திரை மாறும். கூடவே எலுமிச்சம்பழத்தையும் நீட்டுவாய்.

ஒரு நாள் பழத்துக்கும் அடங்காமல் நான் வாந்தியெடுத்துவிட்டேன். "ஏத்தா, மாசமா இருக்கியா?" என்று பின்சீட்டில் ஒரு குரல். சாயங்காலத்துக்குள் செய்தி என் மாமியாருக்குப் போய், அவர் அம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டார். பத்து நாள் கழித்து நான் வீட்டுக்குத் தூரமாகி வெளியே உட்கார்ந்தபோது அவர் பார்த்த பார்வையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கும் இன்னொரு பிள்ளை ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் மகள் பிறந்தபோது எனக்கு ரத்தம் நிற்கவே இல்லை. மூன்று வருடத்துக்கு அடுத்ததை நினைக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். "அவுக அப்பிடித்தான் சொல்லுவாக" என்று வீட்டில் அதை ஒதுக்கிவிட்டார்கள். செத்துப்போவேன் என்ற பயத்தில்தான் மாத்திரையைத் தொட்டேன்.

பிறகு அந்தத் தலைவலி வந்தது. முதலில் இடது பக்கம் பார்வை கலங்கி, வளைந்து வளைந்து வெளிச்சம் ஓடும். அப்புறம் மண்டை பிளக்கும். நீதான் என்னை நர்சம்மாவிடம் இழுத்துப்போனாய். அதைக் கேட்டதுமே அவர் முகம் மாறியது. "கண்ணு இப்பிடிக் கலங்குறவுக இந்த மாத்திரயத் திங்கக் கூடாது. உடனே நிறுத்தணும். ஆஸ்பத்திரிக்கு வா, டாக்டரம்மாவப் பாத்துட்டுக் காப்பர்-டி வச்சுக்கலாம்" என்றார். அந்த ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தது என் மாமியாரின் தம்பி மகள். நான் படியேறினால் அன்றைக்கே வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

தின்றால் தலைக்கு ஆபத்து, நிறுத்தினால் வயிற்றுக்கு ஆபத்து, சொன்னால் வாழ்க்கைக்கு ஆபத்து. மறுநாள் வளைவில் வழக்கம்போல் கையை நீட்டினேன். நீ பழத்தை மட்டும் வைத்தாய்.

"குடுடி," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒனக்கு இனிமே கெடையாது."

"இன்னும் ஒரு வாரம். யோசிச்சுக்கிறேன்."

"ஒரு வாரத்துல விழுந்து கெடந்தா நானா ஒம் மகளுக்குப் பதில் சொல்றது? போயி ஒங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லு."

உன் இடுப்புப் பையைப் பிடித்து இழுத்தேன். நீ என் மணிக்கட்டைக் கிள்ளினாய். எதிரே இருந்தவர்கள் என்னவோ விளையாட்டு என்று சிரித்தார்கள். அன்றைக்கு உன்னை அப்படி வெறுத்தேன்.

வீட்டில் தூரம் என்று சொல்லித் தனியே படுத்தேன். மாத்திரையைப் பாதியில் விட்டதால் மறுநாளே அது உண்மையுமானது. மூன்று நாள் தவணை கிடைத்தது. நான்காம் நாள் தலைக்குக் குளித்துவிட்டால் உள்ளே போக வேண்டும். மூன்றாம் நாள் சாயங்காலம், திராட்சைப் பந்தலுக்கு மருந்தடித்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் நின்றபடியே, உன் பேரை மட்டும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தன நாளா?"

"பத்து மாசமா."

"எங்காத்தா ஒன்னயக் கூட்டிக்கிட்டுக் கோயில் கோயிலாத் திரிஞ்சுச்சே, அப்பவுமா?"

தலையாட்டினேன். அவர் வாளியை உதைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. தலைக்குக் குளித்தும் நான் உள்ளே போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் வாசலில் நின்று, "கெளம்பு. ஆஸ்பத்திரிக்கு" என்றார். படியேறும்போது, "அன்னைக்கு ரத்தத்தோட ஒன்னயத் தள்ளிட்டுப் போறப்ப நானுந்தேன் பாத்தேன். மறந்துட்டேன் பாரு" என்றார். பத்து மாதப் பொய்யை மன்னிக்க அவருக்கு ஆறு மாதம் பிடித்தது. அது நியாயம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

தைரியம் வந்துவிட்ட திமிரில் நான் உன்னைக் கேட்டேன்: "நீ எப்பச் சொல்லப்போற?"

நீ ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினாய். தோள் வரை கன்றிப்போயிருந்தது. "அங்கன இன்னொரு உசுரு வேற அடி வாங்கணுமா? மலடின்னு சொன்னா சொல்லிட்டுப் போறாக" என்றாய். அதன் பிறகு நான் கேட்கவில்லை. தினமும் வளைவில் உன் மாத்திரையை உன் கையில் வைத்தேன். ஊரில் யாரும் தங்கள் வீட்டு வளைகாப்புக்கு உன்னைக் கூப்பிடவில்லை. நீயும் ஜீப்பில் சிரித்துக்கொண்டுதான் வந்தாய்.

எலிக்காய்ச்சலில் எட்டே நாளில் போய்விட்டாய். நான் வந்தபோது உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். உன் மாமியார் மாரிலடித்துக்கொண்டு, "கொள்ளி வைக்க ஒரு பிள்ள இல்லாமப் போனாளே, கொறையோட வந்து கொறையோட போறாளே" என்று ஒப்பாரி வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அவளுக்கு ஒரு கொறையும் கெடையாது ஆத்தா," என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, ஒப்பாரி நின்றுவிட்டது. சுவரோரம் உட்கார்ந்திருந்த உன் புருஷன் நிமிர்ந்து பார்த்தான். நானும் பார்த்தேன். அவன்தான் முதலில் தலை குனிந்தான்.

மிச்சத்தை, நீ தின்ற மாத்திரையையும் அதன் காரணத்தையும், நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. என்னைச் சொல்ல வைத்துவிட்டு நீ மட்டும் சொல்லாமல் போனாயே என்ற கோபம் எனக்கு ஆறவே இல்லை. சொல்லியிருந்தால் அவன் உன்னை என்ன செய்திருப்பான் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபப்படுகிறேன். என் உயிரைப் பற்றி அவ்வளவு கண்டிப்பாக இருந்த உன்னிடம், உன் உயிரைப் பற்றி அதே கண்டிப்போடு நான் ஒருநாளும் இருக்கவில்லை.