கடவுளிடம் சொன்னது

இன்று காலை உன் மகள் அம்பாங்கிலிருந்து வந்திருந்தாள். உன் கிள்ளான் வீட்டை வாடகைக்கு விடப்போகிறாளாம், அலமாரிகளை ஒழித்துக்கொண்டிருக்கிறாள். "அம்மா எதுவும் சொல்லிட்டுப் போகல ஆன்டி. இதை வேற யாருகிட்ட குடுக்கறதுன்னு எனக்குத் தெரியல" என்று உன் வேதாகமத்தை ஒரு பிளாஸ்டிக் பையோடு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். திறந்ததும் தைல வாசனை வந்தது. விரல் வலிக்குத் தைலம் தடவிக்கொண்டே பக்கம் புரட்டுவாயே, அந்த வாசனை. ஓரங்களிலெல்லாம் உன் பென்சில் கோடுகள். இரண்டு பக்கம் பார்த்தேன். அதற்குமேல் முடியாமல் மூடிவிட்டேன். இப்போதெல்லாம் எனக்குக் காலையிலேயே அசதியாகிவிடுகிறது.

அந்தப் பென்சில் கோடுகளைப் பார்த்துத்தான் முதன்முதலில் உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் வேதாகமத்தின் மேல் மூக்குக் கண்ணாடியைக்கூட வைக்கக் கூடாது. கீழே விழுந்தால் எடுத்து முத்தமிட வேண்டும். நீயோ கேரி தீவுத் தோட்டத்தில் வேலை பார்த்த இந்துக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு சபைக்கு வந்தவள். முப்பது வயதில் முதல் பக்கத்தில் ஆரம்பித்து, வழக்குக் கட்டைப் படிப்பதுபோல் படித்தாய். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்தவள் வேறு எப்படிப் படிப்பாய்? தமிழில் சாட்சி சொல்பவர்களை மலாயில் சொல்லிச் சொல்லி, யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எந்த நிலையில் பேசுகிறார் என்று கேட்பது உனக்குப் பழகிப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சபைக் கோவிலுக்கு ஒன்றாகப் போவோம். வழியெல்லாம் இதே வாக்குவாதம்தான். வேதத்தில் ஒரே சம்பவத்தை நாலு சுவிசேஷக்காரர்களும் நாலு விதமாக எழுதியிருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பயம். யாரிடமும் சொல்லாத அந்தப் பயத்தை ஒருநாள் உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய். "நாலு சாட்சியும் ஒரே வார்த்தையைச் சொன்னாத்தான் எங்க கோர்ட்ல சந்தேகப்படுவோம்லா" என்றாய். சிறையிலிருந்த வயதான அப்போஸ்தலர் பவுல், குளிர்காலத்துக்கு முன் தன் மேலங்கியை எடுத்துவரச் சொல்லி எழுதியிருக்கிற இடத்தை எனக்குக் காட்டியதும் நீதான். நான் எத்தனையோ தடவை வாசித்துத் தாண்டிப்போன வரி அது. கிழவருக்குக் குளிர்கிறது, அதையும் கடவுள் தம் புத்தகத்திலிருந்து எடுத்துப்போடவில்லை என்று சொல்லி, அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டாய். வேதம் மனிதர்கள் எழுதியது என்று நீ சொன்னபோதெல்லாம் எனக்கு ஏதோ குறைந்துபோவதாகத் தோன்றும். உனக்கோ அதனாலேயே அதன்மேல் பிரியம் கூடிக்கொண்டு போனது.

வேத வகுப்பில் அந்த மதியம் நடந்ததை நான் இன்னும் எழுதவில்லை. எழுதாமல் இந்தக் கடிதம் முடியாது.

நீ வகுப்பு நடத்தினாய். நான் செயலாளர், குறிப்பு எடுப்பவள். அன்றைய பாடம் வேதாகமத்தின் ஜெபப் பாடல்களில் ஒன்று, அந்நிய தேசத்துக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிற சங்கீதம். அதன் கடைசி வசனத்தில், எதிரியின் குழந்தைகளைப் பாறையில் மோதுகிறவனை வாழ்த்துகிறார்கள். புதிதாக வந்திருந்த ஒரு பெண், மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தவள், "இதையும் கடவுள்தான் சொன்னாராக்கா?" என்று கேட்டாள். நான் நோட்டுப் புத்தகத்தில் குனிந்துகொண்டேன்.

நீ நிதானமாகத்தான் சொன்னாய். "இது கடவுள் சொன்னது இல்லம்மா. கடவுள்கிட்ட சொன்னது. பிள்ளைங்களைப் பறிகொடுத்தவன் பேசறான். அவன் வாயை அவர் பொத்தல. அதுதான் இதுல அவர் நமக்குச் சொல்றது."

அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. வேறு சிலரின் முகம் தெளியவில்லை. அடுத்த வாரமே சபைக் குழு என்னைக் கூப்பிட்டது. வேதத்தில் ஒரு பகுதி கடவுள் சொன்னது இல்லை என்று வகுப்பில் பேசப்பட்டதா என்று கேட்டார்கள். நீளமான மேசை, ஐந்து ஆண்கள், எனக்கு முன்னால் ஒரு கப் தேநீர். நோட்டு என் கைப்பையில்தான் இருந்தது. நீ சொன்ன நாலைந்து வாக்கியமும் அதில் வரிசையாக இருந்தன. நான் அதை வெளியே எடுக்கவில்லை. "இது கடவுள் சொன்னது இல்லன்னு சொன்னாங்க" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அவர்கள் மேற்கொண்டு கேட்கவில்லை என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். கேட்காவிட்டாலும் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் உன் பக்கம் உட்கார்ந்தவளாகத் தெரிய நான் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

உன்னை வகுப்பிலிருந்து நிறுத்தினார்கள். நீ சபையை விட்டுப் போகவில்லை. கடைசி வரிசைக்குப் போய்விட்டாய். ரயிலில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாய். மீன் விலை, மகளின் பிரசவம், கால் வீக்கம் என்று எல்லாம் பேசினோம். வேதத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. மூன்று வருடம் அப்படியே போனது. சண்டை போட்டிருந்தால்கூட இவ்வளவு களைத்திருக்க மாட்டேன்.

பிறகு உனக்குச் சிறுநீரகம் போனது. வாரத்துக்கு மூன்று நாள் கிள்ளானில் டயாலிசிஸ். நான் ஓய்வுபெற்று வீட்டில் இருந்ததால் காரில் கூட்டிப்போய், நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சர்க்கரையால் உன் பார்வையும் மங்கியிருந்தது. ஒருநாள் நீயே என்னை வேதம் வாசிக்கச் சொன்னாய். முதல் சங்கீதத்திலிருந்து ஆரம்பித்து, ஒரு நாளைக்கு நாலைந்தாக வாசித்தோம். அந்த ஆற்றங்கரைச் சங்கீதம் வரப்போகிறது என்று எனக்கு ஒரு வாரத்துக்கு முன்பே தெரியும். நீயும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருப்பாய்.

வந்தபோது, கடைசி வசனத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். கண்ணைத் திறக்காமலே நீ சொன்னாய்.

"இன்னும் ஒரு வசனம் இருக்கு."

"இந்த இடத்துல அது வேணாமே" என்றேன்.

"அவன் அழுது சொன்னதை நீ முழுங்கக் கூடாது. வாசி."

வாசித்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனத்து அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தார். இயந்திரம் உன் இரத்தத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினேன். அன்றைக்குக் குழுவில் நான் பாதியைத்தான் சொன்னேன் என்று உன்னிடம் சொன்னேன்.

"தெரியும். குழுகிட்டேருந்து எனக்கு வந்த கடிதத்துல பாதிதான் இருந்துச்சு" என்றாய். பிறகு, "முழுசாச் சொல்லியிருந்தாலும் என்னை வகுப்புலேருந்து எடுத்திருப்பாங்க. ஆனா நீ சொல்லியிருக்கலாம்" என்றாய். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருநாள் விட்டு மறுநாள் வழக்கம்போல் உன்னை அழைத்துப்போனேன். விட்ட இடத்திலிருந்து வாசித்தோம். கடைசியான நூற்றைம்பதாவது சங்கீதம் வரை போனோம். அதன்பிறகு நீ ஒரு மாதம்கூட இருக்கவில்லை.

உன் அடக்கத்துக்குப் பிறகு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு குழுவிடம் போனேன். பழைய ஐவரில் ஒருவர்தான் மிச்சம். பக்கத்தைத் திறந்து, நீ சொன்னதை முழுதாக வாசித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அது பழைய கதை சிஸ்டர். இப்ப எதுக்கு?" என்றார். எழுதிக்கொடுத்ததை வாங்கிக் கோப்பில் வைத்தார். யாராவது அதைப் புரட்டுவார்களா என்று தெரியாது. வெளியே வந்து ஸ்டேஷன் வரை நடந்தபோது நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். கால் வலிதான் வந்தது.

வேறு ஆளில்லாததால் வகுப்பை இப்போது நான் நடத்துகிறேன். உன்னைப்போல் எனக்குப் பேச வராது. ஆனால் எந்த வசனத்தையும் தாண்டுவதில்லை. சாபத்தை, பொறாமையை, பயந்து ஓடியவனின் புலம்பலை எல்லாம் சத்தமாக வாசித்துவிட்டு, கேள்வி வரும் வரை காத்திருக்கிறேன். கேள்வி வந்தால் குனிந்துகொள்வதில்லை. எது கடவுளின் குரல், எது மனிதனின் குரல் என்று பிரித்துக் காட்ட எனக்கு இன்னும் தெரியாது. சில வாரங்களில் அவர் குரல் கேட்கிறதா என்பதே சந்தேகமாக இருக்கிறது. அந்த வாரங்களிலும் வாசிக்கிறேன். என் குரல் களைத்துப்போய், நடுவில் உடைந்து உடைந்துதான் வருகிறது. என் வாயையும் அவர் பொத்த மாட்டார் என்று நம்புகிறேன்.