எல்லைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி

சுங்கை சிப்புட்,
சித்திரை, 1979.

மாப்பிள்ளை உடையப்பன் அவர்களுக்கு, மாமனார் சன்னாசியின் ஆசிகள். இங்கே நான் சுகம். கால் வீக்கம் மட்டும் வடியவில்லை. நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு ரோசரி எழுதுகிறாள்.

சம்பந்தியம்மா கொடுத்தனுப்பிய கருவாடு வந்து சேர்ந்தது. கொண்டுவந்த டாக்சிக்காரன் சீனி இன்னொன்றும் சொன்னான். அதைக் கேட்டதும் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு ரோசரியைக் கூப்பிட்டேன்.

என் மகள் கருப்பம்மாளுக்குப் பிரசவத்துக்கு நர்ஸ் மிஸ்ஸி சொன்ன நாள் தாண்டி ஒரு வாரத்துக்கு மேலாகிறதாம். தோட்டத்துக் கோயிலில் காப்புக் கட்டியாயிற்று, தீமிதி முடியும்வரை வீட்டில் யாரும் எல்லை தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறீர்களாம். உள்ள இருக்கிறது தொரை லா, அவரு நேரம் பார்த்துத்தான் வருவாரு என்று சம்பந்தியம்மா சிரித்தார்களாம்.

மாப்பிள்ளை, அந்தச் சிரிப்பை நான் முன்பே கேட்டிருக்கிறேன். கருப்பம்மாளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு மகன். இது அவளுக்குத் தெரியாது. சொல்லவே கூடாது என்று அவள் அம்மா நல்லம்மாள் கண்ணை மூடும்வரை கேட்டுக்கொண்டாள். அப்போதும் காப்பு வாரம்தான். நாள் கடந்தால் பிள்ளை கொழுகொழு என்று வரும் என்றார்கள் லயத்துப் பெண்கள். முந்தி மாதிரி உதைக்கலையே, உதைக்கலையே என்று நல்லம்மாள் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தீமிதித்த மறுநாள் ஈப்போவுக்குக் கொண்டுபோனோம். பனிக்குடத்துத் தண்ணீர் பச்சையாகப் போயிற்று. நகம் வளர்ந்து, தோல் உரிந்து, அழாமலே பிறந்தான். தலை நிறைய முடி. நாள் கடந்தால் உள்ளே தண்ணீர் வற்றும், நஞ்சுக்கொடி தளர்ந்துவிடும், பிள்ளைக்குச் சேர வேண்டியது சேராது என்று அப்புறம்தான் எங்களுக்குச் சொன்னார்கள்.

பிள்ளை அசைவது குறைந்திருக்கிறதா என்று இப்போதே அவளைக் கேளுங்கள். குறையவில்லை என்றாலும் அனுப்பிவிடுங்கள். காப்பு உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் எல்லையிலேயே நில்லுங்கள். அவள் கையில் காப்பு இல்லையே! என் தங்கை வீரம்மா இந்தக் கடிதத்தோடு சீனியின் டாக்சியில் வந்திருக்கிறாள். அவள் கூடவே இருந்து தெலுக் அன்சன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவாள். சம்பந்தியம்மாவிடம் சொல்லுங்கள், குற்றம் ஏதும் இருந்தால் ஆத்தா என்னிடம் கேட்கட்டும். அடுத்த வருடம் இந்தக் காலோடு வந்து நான் தீ மிதிக்கிறேன்.

இதை இப்போது கருப்பம்மாளிடம் படித்துக் காட்ட வேண்டாம். அவள் பிள்ளை அழுத சத்தம் கேட்டபிறகு, உனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

சீனி வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் நிற்பான். போதும், கடிதத்தை மடித்துவிட்டு அவளை எழுப்புங்கள் மாப்பிள்ளை.

ஆத்தா மூன்று பேரையும் காக்கட்டும்.

சன்னாசி
(கைநாட்டு)