முள் மேய்ந்த நிலம்

ஒகாகராரா,
3 ஜூலை 1996

அன்புள்ள கவேட்டுவுக்கு,

ரிஹுபிசா எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. கருமுள் புதர் கிணற்றுவரை வந்துவிட்டது. நமக்குக் கல்யாணமான வருஷம் இதெல்லாம் வெறும் புல்தானே? இப்போது பத்தடி தள்ளி நிற்கும் மாடு கண்ணுக்குத் தெரியவில்லை. போன வாரம் செவலைப் பசு புதருக்குள் சிக்கிக்கொண்டது. மூன்றாம் நாள் கண்டுபிடித்தேன். இரண்டு கண்ணிலும் முள். பிழைக்கவில்லை.

அழுது முடித்துக் கோடாரியை எடுத்தேன். என் நீள அங்கி முள்ளில் கிழிகிறது; அதனால் உங்கள் பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டேன். கோபிக்காதீர்கள். மீன் ஆலையில் ஒரு மாதம் விடுப்புக் கேட்டு வாருங்களேன்.

உங்கள்
ரிஹுபிசா

வால்விஸ் பே,
21 ஜூலை 1996

அன்பு ரிஹுபிசா,

விடுப்பெல்லாம் தரமாட்டார்கள். நீ ஒருத்தி வெட்டித் தீர்க்கிற காடா அது? வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். கால்சட்டை போட்டுக்கொண்டு திரிகிறாய் என்று ஊரே சிரிக்கிறதாம், அண்ணன் எழுதியிருக்கிறார்.

மாடுகளை விற்க முடிவுசெய்துவிட்டேன். அடுத்த மாதம் அண்ணன் லாரியோடு வருவார். நீயும் அதிலேயே ஏறி வந்துவிடு. இங்கே இரண்டு அறை பார்த்து வைத்திருக்கிறேன். தனியாகச் சாப்பிட்டு அலுத்துவிட்டது.

கவேட்டு

ஒகாகராரா,
30 ஆகஸ்ட் 1996

அன்புள்ள கவேட்டுவுக்கு,

மாதத் தொடக்கத்திலேயே உங்கள் அண்ணன் வந்தார். நான் வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "பொம்பள கோடாரி தூக்கினா காடு பயந்துடுமா?" என்றார்.

"காடு பயப்படுதோ இல்லையோ, நீங்க எதுக்கு நாலடி தள்ளியே நிக்கிறீங்க?" என்றேன். லாரிக்காரர் சிரித்துவிட்டார்.

உங்கள் மாடுகள் பதினெட்டையும் ஏற்றிவிட்டேன். மிச்சம் பதினொன்றையும் அவர் ஓட்டப் பார்த்தார். "அது எங்கம்மா வழியில வந்தது. கை வெச்சீங்கன்னா நடக்குறதே வேற" என்றேன். கை வைக்கவில்லை.

துளிர்க்கும் என்று எழுதினீர்களே, உண்மைதான். அதனால் இப்போது வெட்டுவதில்லை. அடிமரத்தைச் சுற்றிச் சாணமும் சுள்ளியும் வைத்துப் புகையவிடுகிறேன். வேரோடு சாகிறது.

உங்களை நினைக்காத நாளில்லை. ஆனால் லாரியில் ஏறவில்லை.

ரிஹுபிசா

ஒகாகராரா,
9 மார்ச் 1997

கவேட்டுவுக்கு,

ஆறு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் அங்கே வரும்வரை எழுதமாட்டீர்களாம், அண்ணன் சொல்லி அனுப்பினார். சரி. நானும் இதற்குமேல் எழுதப்போவதில்லை.

செய்தி மட்டும் கேளுங்கள். பக்கத்துப் பட்டிப் பெண்கள் இனாவும் முகாவும் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். முதலில் சிரித்தவர்கள் அவர்கள்தான். மூவரும் மழைக்கு முன் கிணற்றுக்கு மேற்கே ஒரு பெரிய துண்டைச் சுத்தம் செய்தோம். மழை பெய்தது. நேற்று போய்ப் பார்த்தேன்: புல் முழங்கால்வரை நிற்கிறது. மாடுகள் மதியம்வரை தலையைத் தூக்கவில்லை. இனா தரையில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கி மென்றே பார்த்துவிட்டாள்.

கிழக்குப் பக்கம் இன்னும் புதர்தான். திங்கட்கிழமை அங்கே தொடங்குகிறோம்.

ரிஹுபிசா