நாற்பத்திரண்டு பச்சைக் கட்டங்கள்

பிப்ரவரி 3, திங்கட்கிழமை, காலை

அன்பு மகளுக்கு,

ஜனவரி 27 அன்று நீ அனுப்பிய உறை 31 அன்று வந்து சேர்ந்தது. நடுவில் ஒரு ஞாயிறுகூட இல்லையே, நான்கு நாள் எதற்கு என்று தபால்காரரைக் கேட்டேன். சிரித்துவிட்டுப் போனார்.

உன் வேலை விண்ணப்பத்தின் தேதிகளைச் சரிபார்க்கச் சொல்லியிருந்தாய். பார்த்தேன். பள்ளிச் சான்றிதழின் தேதி மே 17 அல்ல, 19. சிவப்பு மையால் திருத்தியிருக்கிறேன். மற்றவை சரி.

எனக்குத்தான் பல சங்கதிகள் பிடிபடவில்லை. உன் படிப்பு முடிவது ஜூன் மாதம். முடியாத படிப்புக்கு, உன்னை நேரில் பார்த்திராத வெளிநாட்டு நிறுவனம் எப்படி வேலை தரும்? உன் அத்தையிடம் படித்துக் காட்டினேன். "அண்ணா, புள்ளை வேலைக்குப் போகுதா, விடுகதைப் போட்டிக்குப் போகுதா?" என்கிறாள். முதல் சுற்றில் புதிர் மட்டும் கொடுத்தார்கள் என்று நீ எழுதியிருப்பதால் எனக்கும் அதே சந்தேகம்தான்.

கடைசித் தாளில் இருக்கும் கட்டங்கள் மட்டும் புரிந்தன. நாளுக்கு ஒரு கட்டம். கணினி நிரல் எழுதி எல்லோரும் பார்க்கும் இணையப் பக்கத்தில் ஏற்றிய நாள் பச்சை, எழுதாத நாள் வெளுப்பு. ஆலையின் டைம் ஆபீஸில் முப்பத்துநான்கு ஆண்டுகள் வருகைப் பதிவேடு வைத்திருந்தவனுக்கு இது தெரியாதா? அந்தப் பழக்கத்தில்தான் என் டைரியோடு ஒப்பிட்டேன்.

செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 20 வரை நாற்பத்திரண்டு நாள். நான் தொடை எலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தேன். நீ என் கட்டிலருகே இருந்தாய். உன் கணினி கல்லூரி விடுதியிலேயே இருந்தது. "அந்தச் சனியன் அங்கயே கெடக்கட்டும்பா" என்று நீ சொன்னதையும் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நாற்பத்திரண்டும் பச்சையாக இருப்பது எப்படி? நான்தான் எதையோ தவறாக விளங்கிக்கொண்டிருப்பேன். விளக்கி எழுது.

என் உடம்பைப் பற்றிக் கவலை வேண்டாம். ஊன்றுகோலை விட்டுவிட்டேன்.

உன் தந்தை

*

பிப்ரவரி 9, ஞாயிறு

என் அன்பு அப்பா,

நீங்கள் தவறாக விளங்கிக்கொள்ளவில்லை.

நிரலை ஏற்றும்போது தேதியை நாமே மாற்றி எழுதிக்கொள்ள முடியும். நான் டிசம்பரில் செய்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, செப்டம்பர், அக்டோபர் தேதிகளைப் போட்டேன். என் அறைத்தோழிதான் கற்றுக்கொடுத்தாள். "ஒன்றரை மாசம் வெளுப்பா கெடந்தா சோம்பேறின்னு தூக்கிப் போட்டுருவாங்கடி. எல்லாரும் பண்றதுதான்" என்றாள். அவளுக்கு ஏற்கெனவே வேலை கிடைத்துவிட்டது.

வேலை முழுக்க என்னுடையதுதான் அப்பா. ஒரு வரிகூட யாரிடமும் வாங்கவில்லை. தேதி மட்டும்தான் பொய். இது பொய்யா, இல்லையா? ஒரு நாள் ஆமாம் என்று தோன்றுகிறது, மறுநாள் இல்லை என்று தோன்றுகிறது. கடைசி நேர்காணல் 27ஆம் தேதி. மூன்று வருடமாக நான் படித்ததெல்லாம் இந்த ஒன்றுக்குத்தான். இப்போது போய் அழித்தால் வெளுப்பைப் பார்த்து ஒதுக்கிவிடுவார்கள். அழிக்காவிட்டால் உங்கள் சிவப்பு மைப் பேனா கண் முன்னால் வந்து நிற்கிறது.

என்ன செய்யட்டும்? திட்டுவதென்றாலும் சீக்கிரம் திட்டி எழுதுங்கள்.

உங்கள் மகள்

*

பிப்ரவரி 14, வெள்ளி, பிற்பகல்

அன்பு மகளுக்கு,

மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு இது நான்காவது. முதல் தாளில் உன்னைக் கண்டித்தேன். இரண்டாவதில் மன்னித்தேன். மூன்றாவதில் இரண்டும் கலந்திருந்ததால் எனக்கே அர்த்தம் விளங்கவில்லை.

ஆலையில் ஒரு ஃபிட்டர் இருந்தார். ஒரு ஞாயிறு முழுதும் ஆள் இல்லாத ஷெட்டில் இயந்திரத்தைக் கழற்றி மாட்டினார். அதற்குப் பதிலாகத் திங்களன்று வராமல் இருந்துவிட்டு, அந்த நாளுக்கு வருகை போடச் சொன்னார். மறுத்தேன். "ஐயா, வேலை நடந்துச்சா இல்லியா? அதைச் சொல்லுங்க!" என்று மேசையைத் தட்டினார். "நடந்தது. திங்களன்று நடக்கவில்லை" என்றேன். இத்தனை காலமும் நான் சொன்னதே சரி என்றிருந்தேன். உன் கடிதம் வந்தபின் அவர் முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஆகையால் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். அந்த நாற்பத்திரண்டு நாளில் நீ எனக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டினாய். நர்ஸிடம் சண்டை போட்டு ஜன்னலோரக் கட்டில் வாங்கித் தந்தாய். அந்த நாட்களின்மேல் வேறொரு வேலையை எழுதி மூடியிருப்பதைப் பார்க்கும்போது மனம் ஒருமாதிரி ஆகிறது. அது பொய்யினால் வந்த வருத்தமா, என் சுயநலமா என்று எனக்கே தெரியவில்லை. நீ வளர்ந்தவள். யோசித்துச் செய்.

நான் சௌக்கியம்.

உன் தந்தை

*

மார்ச் 3, திங்கள்

என் அன்பு அப்பா,

26ஆம் தேதி மாலை எல்லாத் தேதிகளையும் உள்ளபடியே மாற்றிவிட்டேன். நாற்பத்திரண்டு கட்டமும் வெளுத்துப் போயின. அறைத்தோழி, "உனக்குப் பைத்தியம்தான்டி பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துப் படுத்துவிட்டாள்.

நேர்காணலில் கணினித் திரையில் மூன்று பேர். நரைத்த தலையோடு ஓர் அம்மையார் முதலிலேயே அதைத்தான் கேட்டார்: "இந்த ஆறு வாரம் என்ன நடந்தது?" அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கூட இருந்தேன் என்றேன். "இப்போது எப்படி இருக்கிறார்?" என்றார். ஊன்றுகோல்கூட இல்லாமல் நடக்கிறார் என்று பெருமையாகச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் நிரலுக்கு வந்தார்கள். இரண்டு இடத்தில் தடுமாறினேன்.

மறுநாளே மின்னஞ்சல் வந்துவிட்டது அப்பா. வேலை எனக்குத்தான்! ஜூலை 1 அன்று அங்கே போய்ச் சேர வேண்டும். இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

சந்தோஷமாக இருக்க வேண்டியவள் காலையிலிருந்து துணி துவைத்துக்கொண்டிருக்கிறேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன். ஏனென்று கேட்காதீர்கள். நீங்கள் சரி என்று ஒரு வரி எழுதினால் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

உங்கள் மகள்

*

மார்ச் 10, திங்கட்கிழமை, காலை

அன்பு மகளுக்கு,

உன் வெற்றியை அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நானும் மகிழ்ந்தேன். இது உண்மை, இதைச் சந்தேகிக்காதே.

சரி என்று ஒரு வரி எழுதி, உறையில் போட்டு, ஒட்டியும்விட்டேன். பிறகு பிரித்தேன்.

ஊன்றுகோலை நான் விடவில்லை. இந்தக் கடிதங்களையெல்லாம் தபால்பெட்டியில் போட்டவள் உன் அத்தை. ஜனவரி 29, புதன்கிழமை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு கூடவில்லையாம். உள்ளே வைத்த தகட்டை எடுத்துவிட்டு மறுபடி அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமாம். அதற்குமுன் உடம்பு தேற வேண்டும் என்று மருத்துவர் ஜூலை 9 என்று நாள் குறித்திருக்கிறார். உன் பரீட்சையும் நேர்காணலும் கெட்டுவிடக்கூடாது என்று மறைத்தேன். உன் கட்டங்களைத் துருவிப் பார்த்த அதே தாளில் இதைச் செய்தேன். அதை நம்பி நீ மூன்று பேர் முன்னால் பெருமைப்பட்டிருக்கிறாய்.

ஜூலை 1 என்பது உன் தேதி. 9 என்பது என் தேதி. போ என்று எழுதக் கை வருகிறது. எழுதியபின் அந்த எழுத்தைப் பார்க்க முடியவில்லை. வா என்று எழுதினால் உன் மூன்று வருடம் என்னாவது? அத்தை இருக்கிறாள். ஆனால் அவளுக்கும் அறுபத்தைந்து. இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

உன் தந்தை

*

மார்ச் 16, ஞாயிறு

அப்பா,

கடிதத்தைப் படித்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்னப்பா இது, நீங்களுமா?" என்று வாய்விட்டே கேட்டேன். பக்கத்து அறைக்காரி எட்டிப் பார்த்தாள்.

உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். கேட்டால் நான்கு தாள் கிழிப்பீர்கள். அந்த நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன்: வேலையில் சேர எனக்குச் சம்மதம், அப்பாவுக்கு ஜூலையில் அறுவை சிகிச்சை இருப்பதால் ஆகஸ்ட் 18க்கு முன்னால் வர முடியாது, அப்பா ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார் என்று நான் சொன்னது தவறு, எனக்கே அப்போது தெரியாது. பொத்தானை அழுத்தியதும், அவசரப்பட்டுவிட்டேனோ என்று எழுதியதையே நான்கு முறை படித்தேன். அவர்கள் ஒத்துக்கொள்ளலாம், இல்லை வேறு ஆளைப் பார்க்கலாம். அறைத்தோழி "போச்சு" என்கிறாள். நரைத்த தலை அம்மையாரை நினைத்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் எதுவும் தெரியவில்லை அப்பா. இன்றோடு மூன்று நாளாகிறது, பதில் இல்லை.

ஜூலை 9 அன்று உங்களை உள்ளே கொண்டுபோகும்போது நான் கதவருகே இருப்பேன். இது மட்டும்தான் இப்போதைக்கு எனக்குத் தெரிந்த தேதி. அந்த ஜன்னலோரக் கட்டிலை இப்போதே சொல்லி வைக்க அத்தையிடம் சொல்லுங்கள். அத்தை கேட்டும் தராவிட்டால், நான் வந்து சண்டை போட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மகள்