வாப்பா சுத்தமாக்கிய பாத்தி

தில்லையடி, புத்தளம்
புதன்கிழமை

அன்பு மகள் றிஸ்மினாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா எழுதுகிறேன். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவும் நானும் எழும்பி நடமாடுகிறோம், சோறும் மருந்தும் நேரத்துக்கு நடக்கிறது. நீயும் மருமகன் இப்ஹாமும் என் பேத்தி அஸ்ரியாவும் அந்தக் குளிர் ஊரில் ஒரு நோய் நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். கையில் ஃபோன் இருக்க உம்மாவுக்கு என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய், சிரி. ஃபோனை எடுத்தால் வாப்பா வந்து பக்கத்தில் குந்திவிடுகிறார், இது அவர் காதில் விழக்கூடாத கதை. நம்மட ஊர் ஸாஜித்தின் மகன் நீ இருக்கிற மெல்பனுக்குப் படிக்க வருகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன் மகள், நம்முடைய பூப்பாத்தியால் பக்கத்து வீட்டு மர்ளியா மாமியின் கிணறு உப்பாகிப் போச்சு. அந்தப் பாத்தியை மண்ணோடு வாரி எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டவேண்டும். நீ ஆசைப்பட்டுப் போட்ட பாத்தி, உன் சம்மதம் இல்லாமல் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எப்படி இப்படி ஆனது என்று கேட்பாய். பூக்கன்றுகளுக்கு நம்மட மணல் சரிவராது என்று வண்ணாத்திவில்லுவிலிருந்து ஒரு லொறி சிவப்பு மண் இறக்கினோமே, அதோடுதான் அந்தச் சனியன் பிடித்த கோரையும் வந்து இறங்கியது. முதல் மழைக்கு உன் ரோசாவும் செவ்வரத்தையும் தளிர் விட முதலே அது பச்சைப்பசேல் என்று எழும்பிவிட்டது. நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. பிடித்து இழுத்தால் இலை மட்டும்தான் கையோடு வரும், கிழங்கு கீழேயே கிடக்கும். மண்வெட்டியால் கொத்திப் பார்த்தேன், அது அதைவிடப் பிழை, கிழங்குகள் பிரிந்து பிரிந்து ஒன்று இருந்த இடத்தில் நாலாக முளைத்தது. நீ சொன்னாய் என்று தேங்காய்த் தும்புத்தூளை மொத்தமாகப் பரப்பினேன், அறுகும் மற்றச் சின்னப் புல்லுகளும் அமுங்கிப்போயின, உண்மை சொல்லவேண்டும், ஆனால் கோரை ஊசி போலக் குத்திக்கொண்டு மேலே வந்தது. கறுப்புப் பொலித்தீனையும் குத்தியது. மழை பெய்து மண் இளகின நேரம் கரண்டியால் ஆழமாகத் தோண்டிக் கிழங்கோடு எடுத்தால் மட்டும்தான் குறைகிறது, அதற்கும் விடாமல் கிழமைக்குக் கிழமை குந்தவேண்டும், என் முழங்கால் இருக்கிற இருப்புக்கு எத்தனை தரம் குந்த முடியும்? நீயோ வீடியோ கோலில் கெமராவை முற்றத்துக்குத் திருப்பு திருப்பு என்று நிற்பாய், திருப்பினால் யா அல்லாஹ் காடு மாதிரி இருக்கே உம்மா என்பாய். எனக்குக் கோபம் வரும், வாயை மூடிக்கொண்டிருப்பேன். உன் வாப்பாவுக்குக் கோபம் வராது, அவர் அதை மனதுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்வார்.

பெருநாள் கழிந்து ஒரு நாள் நீ வாப்பாவிடம் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கா? டிசம்பரில் இப்ஹாமின் உம்மா ஆக்கள் கொழும்பிலிருந்து முதல்முதலாக வீடு பார்க்க வாறாங்க, பாத்திய மட்டும் சுத்தமா வச்சிக்கோங்க வாப்பா, வேறொண்டும் வாணாம் என்றாய். நீ சொன்னது பூப்பாத்தி. அந்த மனிசன் வாழ்நாளெல்லாம் உப்பளத்தில் நின்றவர், அவருக்குப் பாத்தி என்றால் உப்புப் பாத்திதான், சுத்தமான பாத்தி என்றால் ஒரு பச்சை இலை தலை காட்டாத பாத்திதான். உப்பை வாரின பிறகு அடியில் ஒரு கசப்புத் தண்ணீர் மிஞ்சும், அதைக் கொட்டுகிற வரம்பில் புல் பூண்டு எதுவும் முளைக்காது. உன் வாப்பா, அவர்களுடைய நூஹு நானா, கேட்டால் உப்பளத்தில் யார் இல்லை என்பார்கள், அந்தத் தண்ணீரை ஓட்டோவில் கலன் கலனாக ஏற்றிக்கொண்டு வந்து, கன்றுகளின் தண்டில் படாமல் ஒரு தகரப் பேணியால் கோரைக்கு மட்டும் பார்த்துப் பார்த்து ஊற்றியிருக்கிறார். நான் சிலாபத்தில் உன் சாச்சி வீட்டில் நின்ற கிழமை அது. திரும்பி வந்து பார்த்தால் கோரை கருகிக் கிடந்தது, வாப்பா பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பிள்ளை போல வாசலில் நின்றார். நானும் சந்தோஷப்பட்டேன், ஏன் மறைக்கவேண்டும். அடுத்த கிழமை ரோசா கருகியது, பிறகு குறோட்டன் இலையைக் கொட்டியது, செவ்வரத்தை நின்ற நிலையில் காய்ந்தது. அதைக் கண்டு வாப்பா பதறிப்போய் உப்பைக் கழுவுகிறேன் என்று காலையும் மாலையும் குழாயைத் திறந்துவிட்டு ஊறவைத்தார். நம்மட நிலத்தில் மேலே ரெண்டடி சிவப்பு மண், கீழே முழுக்க மணல். ஊற்றின உப்பெல்லாம் கீழே இறங்கி வேலிக்கு அந்தப் பக்கம் நடந்துவிட்டது.

மாமியின் வீட்டில் முதலில் தேத்தண்ணிதான் பிழைத்தது. பால் திரைந்தது, சீனி கூடப் போட்டும் வாய்க்கு வரவில்லை, பிறகு சோறும். அவவுடைய மகன் ஃபஸ்லான் வேலிக்கு மேலால் எட்டி நம்மட பாத்தியையும் வெறும் கலன்களையும் பார்த்தான், அவனுக்கு விளங்கிவிட்டது. பூவுக்காகக் கிணத்த நாசமாக்கினீங்களே என்று சத்தம் போட்டான், அது நியாயம், அதற்கு நாங்கள் தலை குனிந்துதான் நின்றோம். அதோடு விட்டிருக்கலாம். அகதிக்கு இடம் குடுத்தா இப்பிடித்தான் என்றும் சொல்லிவிட்டான். நாங்கள் இங்கே வந்து முப்பத்தைந்து வருசம் மகள். நீ பிறந்தது இந்த மண்ணில், படித்தது இந்த மண்ணில், இன்னும் அந்தச் சொல் அவர்கள் வாய்க்குள் ஈரமாகத்தான் இருக்கிறது. மாமி உள்ளேயிருந்து ஓடிவந்து அவன் வாயில் அடித்தா. மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்து நாங்கள் ஓலைக் கொட்டிலில் கிடந்த காலத்தில், இந்த ஆக்கள் அள்ளினா கிணறு வத்திரும் என்று ஊரில் சிலர் முணுமுணுத்தபோது, வாளியையும் கயிறையும் வெளியே கொண்டுவந்து வைத்தவ இந்த மர்ளியா மாமிதான். அந்தத் தண்ணீரில்தான் உனக்குப் பால்மா கரைத்தேன். அந்தக் கிணற்றைத்தான் நாங்கள் கெடுத்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு வாப்பா ஆள் சரியில்லை. தொழுகைக்குப் பக்கத்துப் பள்ளிக்குப் போகாமல் டவுனில் உள்ள பள்ளிக்குப் போகிறார், வழியில் ஃபஸ்லானைக் காணப் பயம். வெளி லைட்டைப் போட விடுகிறார் இல்லை. குடிக்கிற தண்ணீர் வாங்கி ஓட்டோவில் மாமியின் வாசல் படலையடியில் வைத்துவிட்டு ஆள் வெளியே வருமுன் திரும்பிவிடுகிறார். என்னோடும் கதை குறைந்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது மகள், இப்படியே இவர் உள்ளுக்குள் உடைந்துபோவாரோ என்று. உனக்குச் சொல்லவேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார், பிள்ளை ஆசையாகப் போட்டது என்று அதையே சொல்கிறார். உன்மேல் பழி போட நான் எழுதவில்லை. உன் பங்கும் கொஞ்சம் இருக்கிறது, அதையும் மறைக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை. மேலே உள்ளது புதன் எழுதினது, முழங்கால் வலியில் முடிக்க முடியவில்லை. இன்று காலையில் மாமி வேலியடிக்கு வந்து நூஹு தம்பி, இங்க கொஞ்சம் வாங்க என்று கூப்பிட்டா. வாப்பா அறைக்குள் போனார், அவ விடவில்லை, மூன்று தரம் கூப்பிட்டா, போனார். நானும் பின்னால் போனேன். மாமி தன் கையாலேயே ஒரு வாளி அள்ளினா, கோப்பையில் ஊற்றி வாப்பாவுக்கு முன்னால் மடமட என்று குடித்தா. தண்ணி மாறிட்டுது தம்பி, நல்லாத்தான் ஈக்கிது, நீங்களும் பாருங்க என்று நீட்டினா. வாப்பா வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டுத் தலையை ஆட்டி, ஓம் ராத்தா, மாறிட்டுது, அல்ஹம்துலில்லாஹ் என்றார். ஃபஸ்லான் வாசலில் நின்று பார்த்தான். மாமி உள்ளே போன பிறகு நான் வாளியில் மிஞ்சினதில் ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். உப்பு மகள். துப்பாமல் விழுங்க நான் பட்ட பாடு. வாப்பாவின் நாக்கு எப்படிப்பட்ட நாக்கு, பாத்தித் தண்ணீரைத் தொட்டு வைத்து இன்னும் எத்தனை நாளில் உப்பு விளையும் என்று சொல்கிற ஆள், அவருக்கா தெரியாது?

வீட்டுக்கு வந்தவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். உன் சம்மதத்துக்குக் காத்திருக்க வழியில்லை, இதை எழுதும்போதே பாத்தியில் பாதி வெட்டியாகிவிட்டது. மாரி மழை ஒழுங்காகப் பெய்தால் மீதி உப்பும் கழுவிப் போகும் என்கிறார்கள், இந்த வருசமா அடுத்த வருசமா அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். சம்மந்தி வீட்டார் வரும்போது முன்னால் ஒரு குழியும் கொஞ்சம் மணலும்தான் இருக்கும், அவர்களிடம் என்ன சொல்வாயோ சொல்லிக்கொள். வாப்பாவிடம் ஃபோனில் பூவைப் பற்றிக் கேட்காதே, சாப்பிட்டீங்களா என்று கேள், போதும்.

அல்லாஹ் உனக்கும் உன் வீட்டாருக்கும் நீண்ட ஆயுளையும் சலாமத்தையும் தரட்டும், உன் பிள்ளையை உன் கண்குளிர்ச்சியாக வைக்கட்டும். ஆமீன். ஒன்று மறக்காதே மகள், டிசம்பரில் நீ வந்து இறங்கினதும் பெட்டியை வைத்துவிட்டு முதலில் மர்ளியா மாமி வீட்டுக்குப் போ. அவ தேத்தண்ணி ஊற்றித் தருவா. முகம் சுளிக்காமல், கோப்பையின் அடி தெரியக் குடி.

வஸ்ஸலாம்.
உன் உம்மா,
றஹ்மா