லேப்டாப் ஊமையில்லை

லேப்டாப்புக்குத் துக்கம் காக்கும் என் வீட்டுக்காரருக்கு,

சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல. சாவி செருப்பு அலமாரி மேல. ரிப்பேர்காரரை வரவேண்டாம்னு சொல்லிடுங்க.

நான் ஈரத்துணியால துடைச்சுத்தான் லேப்டாப் ஸ்பீக்கர் போச்சுன்னு நேத்து முழுக்கக் குதிச்சீங்களே! வால்யூமை ஏத்தினீங்க, ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்க, கடைசியில கவுத்துப் போட்டுத் தட்டவும் தட்டினீங்க. சத்தம் எங்க போகுதுன்னு மட்டும் பாக்கல. பாத்திரம் கழுவும்போது பாட்டு வேணும்னு சமையலறை ப்ளூடூத் ஸ்பீக்கரை லேப்டாப்போட இணைச்சது யாரு? நீங்கதான். இணைச்சதை எடுக்க மறந்ததும் நீங்கதான். கீழ் மூலையில ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, லேப்டாப் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்க. அவ்ளோதான் வைத்தியம்.

அப்புறம் அதே லேப்டாப்புல உங்க தங்கச்சியை வீடியோவுல கூப்பிட்டு, "உங்க அண்ணி என் லேப்டாப்பைக் கொன்னுட்டா"ன்னு புலம்பினீங்க. அவ சொன்ன பதில் உங்களுக்குக் கேக்கல. அடுப்படியில நின்ன எனக்குக் கணீர்னு கேட்டுச்சு.

"சின்ன வயசுல ரேடியோவை நீ உடைச்சிட்டு பழியை என் தலையில போட்டியே, அதே கதைதானே அண்ணா இதுவும்?"

எட்டிப் பாத்தேன். அவ உங்க பக்கம் பேசறான்னு நெனச்சுக்கிட்டு, "ஆமா, ஆமா, அதேதான்"னு தலையாட்டிட்டு இருந்தீங்க.

அதை ஒப்புதல் வாக்குமூலமா எடுத்துக்கிட்டேன்.

சாயங்காலம் வந்துடுவேன்.

பி.கு: மன்னிப்பை மெதுவாக் கேட்டாலும் போதும். என் காதுக்கு ஒரு கோளாறும் இல்ல.